இடுப்பு வலிக்கு உளவியலாளரிடம் போனது பற்றி

இடுப்பு வலிக்காக உளவியல் சிகிச்சை எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் "அப்ப நிஜமான வலி இல்லையா?" என்கிறார்கள்; மீதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "அவ்வளவு மோசமா ஆயிடுச்சா டீச்சர்?" என்கிறார்கள். முதல் கேள்வியில் வலியின் மீதே சந்தேகம் இருக்கிறது. இரண்டாவதில், எல்லா வழிகளும் அடைபட்ட பிறகுதான் ஒருவர் உளவியலாளரிடம் போவார் என்ற எண்ணம் இருக்கிறது. நாள்பட்ட வலியோடு வாழும் எத்தனையோ பேரை, உதவி கிடைக்க வேண்டிய காலத்தில் அதன் பக்கமே போகவிடாமல் தடுப்பவை இந்த இரண்டு எண்ணங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் அந்தச் சிகிச்சையில் என்னதான் நடக்கிறது, அதனால் எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு கிடைக்காது என்பதை விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். நாள் முழுவதும் நிற்க வேண்டிய வேலை. எரிவாயு உருளையை நகர்த்தும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு, பிடிப்பு விட வேண்டிய காலம் கடந்தும் விடவில்லை. எம்ஆர்ஐ எடுத்ததில் எல்4–எல்5 டிஸ்க்கில், அதாவது கீழ் முதுகெலும்புகள் இரண்டுக்கு இடையே உள்ள வட்டில், சிறிய பிதுக்கம் இருப்பதாக வந்தது. பெல்ட், பிசியோ, வலி மாத்திரை, நரம்பு மாத்திரை, எண்ணெய், ஒத்தடம் என்று எல்லோரும் போகும் வழியில் நானும் போனேன். சில கொஞ்ச காலம் உதவின. ஒரு நிபுணர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் நாற்காலியிலிருந்து எழவே கையை ஊன்ற வேண்டியிருந்த எனக்கு, நீ சொல்வதை நான் நம்பவில்லை என்றுதான் அது கேட்டது. பின்னால் வேறொரு மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவில் ஒரு மருத்துவர் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னபோது நான் உடனே போகாததற்கு அந்த ஒரு வாக்கியம் முக்கியமான காரணம்.

இந்த இடத்தில் மருத்துவ உலகம் இன்று என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வலி பற்றிய ஆய்வுகளுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தி அமைத்தது. திசு சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அத்தகைய சேதத்தின்போது ஏற்படுவதைப் போன்ற, விரும்பத்தகாத உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவமே வலி என்கிறது அந்த வரையறை. அதோடு இணைத்த குறிப்புகளில், தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். படத்தில் தெரிவது ஒன்றாகவும் உடல் உணர்வது வேறாகவும் இருப்பது அதிசயமும் அல்ல. வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரை, ஐம்பது வயதுக்காரர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருப்பதாகக் காட்டியது. அவர்கள் நடந்துகொண்டும் குனிந்துகொண்டும் வழக்கம்போல வாழ்பவர்கள். படத்தை வைத்து வலியை அளக்கவும் முடியாது, படத்தில் ஒன்றுமில்லை என்பதற்காக வலியை மறுக்கவும் முடியாது.

1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் வெளியிட்ட வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு, காயத்திலிருந்து கிளம்பும் சமிக்ஞை மாறாமல் மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை என்றது. தண்டுவடத்திலேயே அது கூட்டவோ குறைக்கவோ படுகிறது, மேலிருந்து மூளை அனுப்பும் செய்திகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று விளக்கியது. அந்தக் கோட்பாட்டின் உடற்கூற்று விவரங்கள் பிற்பாடு நிறையத் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து மட்டும் நிலைத்துவிட்டது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். இப்படி நீண்ட காலம் ஓடும் வலியில் நரம்பு மண்டலமே கூர்மைப்பட்டுவிடலாம். முன்பு வலிக்காத அசைவும் தொடுதலும் வலியாக வரலாம். பயம், தூக்கமின்மை, கவலை, விடாத கவனம் ஆகியவை அந்தக் கூர்மையை வளர்க்கின்றன. வலி மனத்தில் பிறந்தது என்று இதற்குப் பொருளில்லை. உடலில் நடக்கும் ஒன்றை மாற்றுவதற்கு மனத்தின் பக்கமும் ஒரு வழி திறந்திருக்கிறது என்பதுதான் பொருள். என் உளவியலாளர் முதல் சந்திப்பிலேயே, "உங்க வலி உண்மை. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. அது உங்க நாளை எப்படி எடுத்துக்குதுன்னு மட்டும் பாக்கலாம்" என்றார். அதற்குப் பிறகுதான் என்னால் வாய் திறந்து பேச முடிந்தது.

எனக்குக் கிடைத்தது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசுவது என்று நினைத்துப் போனவர்களுக்கு இது பெரிய வியப்பாக இருக்கும், ஏனென்றால் பெரும்பகுதி வீட்டுப்பாடம். ஒரு நோட்டில் நேரம், அப்போது செய்த வேலை, வலியின் அளவு, அந்த நேரத்தில் மனத்தில் ஓடியது என நான்கு பத்திகள் போட்டு எழுதச் சொன்னார். அடுத்த சந்திப்பில் அவர் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்து, சனிக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தார். காலையில் வலி குறைவாக இருந்திருக்கிறது. நான் மாவு அரைத்து, சேர்ந்திருந்த துணியையெல்லாம் துவைத்து, மேல் அலமாரியை ஒழித்து, அத்தனையும் முடித்த பிறகு விடைத்தாள் திருத்த உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறும் திங்களும் படுக்கை. "வலி கொறைஞ்ச அன்னிக்குத்தான் நீங்க அதிகமா அடிபடறீங்க டீச்சர்" என்றார். நாள்பட்ட வலி உள்ள பெண்களிடம் நான் பேசிப் பார்த்த வரையில், இந்த ஏற்ற இறக்கம் இல்லாத ஒருவரைக்கூடக் காணவில்லை. நல்ல நாள் வந்தால் விட்ட வேலையையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்ற பதற்றம், மீண்டும் அடி, மீண்டும் ஓய்வு, ஒவ்வொரு சுற்றிலும் உடல் கொஞ்சம் பலவீனப்படுதல்.

இதற்கு அவர் தந்த முறை மிக எளிமையானது, கடைப்பிடிக்கத்தான் கடினம். வலி ஏறுவதற்கு முன் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று சில நாட்கள் பார்த்து, அதைவிடச் சற்றுக் குறைவாக ஓர் அளவை வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் மணி அடித்தால், சாம்பார் தாளிப்பில் பாதியில் இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வேண்டும். வலியே இல்லாத நாளிலும் அப்படித்தான். கொஞ்சம் வலிக்கும் நாளிலும் அந்த அளவை முடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பிறகு வாரத்துக்கு வாரம் அளவைக் கூட்ட வேண்டும். எப்போது நிறுத்துவது என்ற முடிவை வலியின் கையிலிருந்து எடுத்துக் கடிகாரத்தின் கையில் கொடுப்பதுதான் இதன் உட்பொருள். 1960-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த வழி இது. வலி வந்தபோது மாத்திரை என்பதை மாற்றி நேரப்படி மாத்திரை, வலி வந்ததற்காக ஓய்வு என்பதை மாற்றி வேலையை முடித்ததற்காக ஓய்வு என்று அவர் அமைத்தார்.

அடுத்தது பயம். குனிந்து தூக்கினால் டிஸ்க் வெளியே வந்துவிடும் என்று நான் முழுமையாக நம்பினேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஆனால் பெல்ட்டும் எச்சரிக்கைகளும் சேர்ந்து அந்த நம்பிக்கையைக் கட்டியிருந்தன. வலியைக் கண்டு பயந்து அசைவைத் தவிர்ப்பதும், தவிர்ப்பதால் தசை தளர்ந்து வலி கூடுவதும், அதனால் பயம் கூடுவதும் ஒரு வட்டமாகச் சுழல்வதை யோஹான் விலாயென், ஸ்டீவன் லிண்டன் ஆகியோர் 2000-இல் ஒரு மாதிரியாக வகுத்துக் காட்டினார்கள். நான் தவிர்த்துவந்த செயல்களை எளிதிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்தச் சொன்னார் என் உளவியலாளர். பிசியோதெரபிஸ்ட் பார்த்து ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு, காலிக் குடத்தைக் குனிந்து எடுப்பதில் தொடங்கினோம். எடுப்பதற்கு முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேனோ அதை எழுத வேண்டும். "பிடித்துக்கொள்ளும், இரண்டு நாள் எழ முடியாது" என்று எழுதினேன். எடுத்தேன். இடுப்பில் ஓர் இழுப்பு இருந்தது; அரை மணி நேரத்தில் அது அடங்கியது. நான் எழுதிய வரியும் நடந்ததும் ஒரே பக்கத்தில் இருந்தன. அதைப் பார்த்தபோது தெரிந்ததை யாரும் எனக்கு வாயால் விளக்கியிருக்க முடியாது. பிறகு கால் குடம் தண்ணீர், அரைக் குடம் என்று போனது.

எண்ணங்களைக் கையாள்வதும் இதே போக்குதான். இரவில் புரண்டு படுக்கும்போது, இப்படியே போனால் ஓய்வு பெறும் வயதுக்குள் படுத்த படுக்கையாகிவிடுவேன், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவேன் என்று ஓடும். நல்லதையே நினைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த எண்ணத்துக்கு எது ஆதாரம், எது எதிர் ஆதாரம், வேறு எப்படியெல்லாம் ஆகக்கூடும் என்று கேட்டார். மூச்சுப் பயிற்சியும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும், தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்துவதும் இதோடு சேர்ந்தவை. இவற்றில் தூக்கத்தை ஒழுங்குபடுத்தியதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது.

நான் அதிகம் யோசித்த பகுதி வீட்டைப் பற்றியது. எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், மிகுந்த பாசமுள்ளவர். நான் முனகினால் போதும், "நீ போய்ப் படும்மா, நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியை வாங்கிவிடுவார். என் கணவர் நான் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் "என்னாச்சு?" என்பார். மகன் என்னை வெளியே கூப்பிடுவதையே நிறுத்தியிருந்தான். உளவியலாளர் ஒரு சந்திப்புக்கு அத்தையையும் கணவரையும் அழைத்துவரச் சொன்னார். நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் வலியைச் சுற்றித்தான் வெளிப்படுகிறது, வலி இல்லாத நேரத்தில் யாரும் அருகில் வந்து உட்காருவதில்லை, அதனால் யாருக்கும் தெரியாமலே வலி வீட்டின் மையமாகிவிடுகிறது என்று அவர் விளக்கினார். ஃபோர்டைஸ் கண்டதும் இதுவே: சுற்றியிருப்பவர்கள் வலியின் அறிகுறிக்கு ஓடிவருவதும் வேலையை வாங்கிக்கொள்வதும் அந்த அறிகுறியையும் ஓய்வையும் வலுப்படுத்துகின்றன. அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "அப்ப வலிக்குதுன்னு சொன்னா கேக்காத மாதிரி இருக்கணுமாம்மா?" என்று நேரடியாகவே கேட்டார். அன்பைக் குறைக்க வேண்டாம், இடம் மாற்றினால் போதும் என்றார் உளவியலாளர். இப்போது அத்தை "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை, மணி அடித்து நான் உட்காரும்போது காப்பியோடு வந்து கூட உட்காருகிறார். வேலையை முடித்ததற்குத் துணை கிடைக்கிறது.

ஆனால் இந்த அறிவுரையை எல்லா வீட்டுக்கும் அப்படியே கொடுத்துவிடக் கூடாது என்பது என் திடமான கருத்து. வலிக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்காத, மருமகளின் இடுப்பு வலியைச் சோம்பல் என்று பேசும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே கவனத்தைக் குறையுங்கள் என்பது கொடுமையாக முடியும். அந்தப் பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது, அவள் சொல்வதை நம்பும் ஒருவர். குடும்பத்தை அழைத்துப் பேசும் சந்திப்பை அங்கே அதற்காகவே பயன்படுத்த வேண்டும்.

ஏற்றலையும் ஈடுபாட்டையும் அடிப்படையாகக் கொண்ட மற்றொரு சிகிச்சை முறையும் உண்டு. ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்கிய அதை வலிக்கு விரிவாகப் பயன்படுத்தியவர் லான்ஸ் மெக்ராக்கன். வலி முற்றிலும் போன பிறகுதான் வாழ்வேன் என்று காத்திருக்காமல், எது உங்களுக்கு முக்கியமோ அதை வலியோடு சேர்த்தே செய்யத் தொடங்குவது அதன் சாரம். விதி என்று விட்டுவிடுவதற்கு நேர் எதிரானது இது. 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய, மைண்ட்ஃபுல்னெஸ் தியானத்தை, அதாவது நடக்கும் கணத்தில் கவனத்தை வைக்கும் பயிற்சியை, அடிப்படையாகக் கொண்ட எட்டு வார வகுப்பும் இந்தக் குடும்பத்தில் அடங்கும்.

இவற்றால் எவ்வளவு பலன்? மிகைப்படுத்திச் சொன்னால், நம்பிப் போகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். தலைவலி நீங்கலாக, நாள்பட்ட வலியுள்ள பெரியவர்களுக்கான உளவியல் சிகிச்சைகளைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2020-இல் புதுப்பிக்கப்பட்டது. 75 ஆய்வுகள், 9,401 பேர். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் சிபிடி வலி, செயல்முடக்கம், மன உளைச்சல் ஆகிய மூன்றையும் குறைக்கிறது, ஆனால் குறைவு சிறியது என்பதே அதன் முடிவு. சியாட்டில் பகுதியில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 342 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 26 வாரங்களுக்குப் பின் அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் வழக்கமான சிகிச்சையில் 44 விழுக்காடு, சிபிடியில் 58, தியான வகுப்பில் 61. அதாவது நூறு பேருக்குக் கூடுதலாகப் பதினான்கு முதல் பதினேழு பேர். அந்தப் பதினான்கு பேரில் ஒருவராக இருப்பவருக்கு, பள்ளிக்குப் போவதும் போகாமல் இருப்பதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. நாள்பட்ட வலிக்கு எழுதிக்கொடுக்கப்படும் மாத்திரைகளில் பலவும் இதைவிடப் பெரிதாக எதையும் தந்துவிடுவதில்லை. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்குப் பாராசிட்டமால், அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள், ஓபியாய்டுகள் எனப்படும் அபின் வகை வலி மருந்துகள் ஆகியவற்றைத் தொடங்க வேண்டாம் என்றும், உடற்பயிற்சியோடு சிபிடியையும், ஏற்றலையும் ஈடுபாட்டையும் அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையையும் கருத்தில் கொள்ளலாம் என்றும் சொன்னது.

2021-இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு பெரும் நம்பிக்கையைத் தந்தது. வலியை மூளை புரிந்துகொள்ளும் விதத்தையே மாற்ற முயலும் நான்கு வாரச் சிகிச்சைக்குப் பிறகு, 50 பேரில் 33 பேர் வலியே இல்லை அல்லது ஏறக்குறைய இல்லை என்றார்கள். மனம் குளிரும் எண்ணிக்கைதான். இருந்தாலும் அது ஓரிடத்தில், மிதமான வலியுள்ளவர்களிடம் நடந்தது. வலி உங்கள் ஊரில் உங்களுக்கும் அப்படியே போய்விடும் என்று யாரேனும் உறுதி சொன்னால் ஏற்க வேண்டாம். எனக்கு வலி இன்னும் இருக்கிறது. ஆனால் நாளின் திட்டத்தை அது போடுவதில்லை.

சில எச்சரிக்கைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவை உளவியலாளரிடம் எடுத்துச்செல்ல வேண்டியவை அல்ல. நரம்பு மாத்திரைகளை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

நம் ஊர்களில் இந்தச் சிகிச்சை எளிதில் கிடைப்பதில்லை என்பது வருத்தமான உண்மை. இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர்களே குறைவு. அவர்களிலும் பலர் பெருநகரங்களில் இருக்கிறார்கள். வலிக்குச் சிகிச்சை தந்து பழகியவர்கள் இன்னும் குறைவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிப்பது நல்ல தொடக்கம். போகும்போது "நாள்பட்ட வலிக்கு சிபிடி செய்த அனுபவம் உண்டா?" என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: எல்லா மருந்தும் தோற்ற பிறகு கடைசியாக எங்களை அங்கே அனுப்பாதீர்கள். பிசியோவுக்கு எழுதிக்கொடுக்கும் அதே நாளில், அதே சீட்டில் இதையும் எழுதுங்கள். அப்படி எழுதினால் நோயாளிக்கு அது சந்தேகமாகப் படாது, சிகிச்சையாகவே படும்.

உளவியலாளர் கிடைக்கும் வரை நோட்டை நீங்களே தொடங்கலாம். நேரம், வேலை, வலி, எண்ணம் ஆகிய நான்கு பத்திகளில் இரண்டு வாரம் எழுதுங்கள். வலி அதிகமாக இருந்த நாளை வட்டமிடுங்கள்; அதற்கு முந்தைய நாள் என்னவெல்லாம் செய்தீர்கள் என்று திருப்பிப் பாருங்கள். சந்திப்பு கிடைத்தவுடன் அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போனால், முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.